கோழித் தீவனத்தில் கலந்த மருந்து ஐசியூவில் வேலை செய்யாமல் போவது எப்படி? கோலிஸ்டின் சொல்லும் பாடம்

பிராய்லர் கோழின்னு பேச்சு எடுத்தாலே வீட்டில் ஒருத்தராவது சொல்வார்: "அதெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறது, சாப்பிடாத." வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றும் செய்தி இது. ஆனால், மருத்துவ உலகம் உண்மையில் கவலைப்படுவது அந்த ஊசியைப் பற்றி அல்ல. பண்ணைகளில் தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்து கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றித்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மருந்தின் கதை போதும். அதன் பெயர் கோலிஸ்டின். ஐசியூவில் வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமித் தொற்று வந்தால், டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று. அதே மருந்துதான் பல வருஷங்களாகக் கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலக்கப்பட்டது.

அதனால் என்ன ஆச்சு? இந்தியா அதை ஏன் தடை செய்தது? தடை செய்ததால் பலன் உண்டா? எல்லாத்துக்கும் மேல, நாம முட்டை, சிக்கன் சாப்பிடலாமா?

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றால் என்ன?

"என் உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு, இப்போ எதுவும் கேட்க மாட்டேங்குது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்போம். உண்மையில் பழகுவது நம் உடம்பு அல்ல, பாக்டீரியா.

ஒரு கோழியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். ஆன்டிபயாடிக் உள்ளே போனதும் பெரும்பாலானவை செத்துவிடும். அதில் தற்செயலாக மரபணு மாற்றம் அடைந்த ஒன்றிரண்டு மட்டும் பிழைத்துக்கொள்ளும். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை வேகமாகப் பெருகும். இ.கோலை என்ற பாக்டீரியா, சூழல் சாதகமாக இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காலையில் பிழைத்த ஒன்று, இரவுக்குள் பெரும் படையாகிவிடும். அந்தப் படைக்கு அந்த மருந்து இனி ஒன்றும் செய்யாது.

இதுதான் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு. சர்வதேச ஆய்வுக் குழு ஒன்றின் மதிப்பீட்டின்படி, 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக உயிரிழந்தார்கள்.

கோழிக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்?

மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

முதலாவது, சிகிச்சை. கோழிக்கோ மாட்டுக்கோ நோய் வந்தால் மருந்து கொடுப்பது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நோயால் துடிக்கும் உயிருக்கு மருந்து கொடுக்காமல் விடுவதும் தவறுதான்.

இரண்டாவது, முன்னெச்சரிக்கை. ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள். ஒன்றுக்கு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும் என்ற பயத்தில், நோய் வரும் முன்பே எல்லாவற்றுக்கும் தண்ணீரில் மருந்து கலந்து விடுவது.

மூன்றாவது, வளர்ச்சிக்காக. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானியும் உடன் பணியாற்றியவர்களும் கோழித் தீவனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆன்டிபயாடிக் தயாரித்த பிறகு மிஞ்சும் கழிவைத் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் வழக்கத்தைவிட வேகமாக எடை போட்டன. குறைந்த தீவனத்தில் அதிக எடை என்றால் லாபம்தானே? இந்தப் பழக்கம் உலகம் முழுவதும் பரவியது.

சிக்கல் இந்த மூன்றாவதில்தான் அதிகம். நோயைக் கொல்லும் அளவுக்கு மருந்து கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில், வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள். பாக்டீரியா சாகாது, பழகிக்கொள்ளும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, தேவைக்குக் குறைவான அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். மனிதர்களை மனதில் வைத்து அவர் சொன்ன ஆபத்து, பண்ணைத் தீவனத்தில் தினசரி நடைமுறையாகவே மாறியது.

சரி, ஹார்மோன் ஊசி? பிராய்லர் கோழி சுமார் 40 நாளில் 2 கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம், பல பத்தாண்டுகளாக நடந்த இனத் தேர்வும் சத்தான தீவனமும். ஒரு கொட்டகையில் உள்ள ஆயிரக்கணக்கான கோழிகளைத் தினமும் பிடித்துப் பிடித்து ஊசி போடுவது நடைமுறையில் சாத்தியமும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது.

கோலிஸ்டின்: ஓரங்கட்டப்பட்ட மருந்து திரும்பி வந்தது எப்படி?

கோலிஸ்டின் 1940-களின் இறுதியில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1950-களின் கடைசியிலிருந்து மனிதர்களுக்குப் பயன்பட்டது. ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் டாக்டர்கள் இதைக் கைவிட்டார்கள்.

மனிதர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்து. விலையும் மலிவு. கால்நடைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று அன்றைக்கு நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. கோழி, பன்றிப் பண்ணைகளில் டன் கணக்கில் புழங்கியது.

பிறகு நிலைமை தலைகீழானது. 1990-களுக்குப் பிறகு, சக்தி வாய்ந்த ஆன்டிபயாடிக்குகளுக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா, அசினெடோபாக்டர் போன்ற கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகின. கார்பபெனம் என்ற உயர்ரக மருந்தும் தோற்றபோது, டாக்டர்கள் பழைய அலமாரியைத் தேடினார்கள். கோலிஸ்டின் அந்தக் கிருமிகளைக் கொன்றது. சிறுநீரகத்துக்கு ஆபத்து இருந்தாலும், உயிர் போவதற்கு அது பரவாயில்லை என்ற கணக்கு.

இன்று உலக சுகாதார நிறுவனம், மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான மருந்துகளின் பட்டியலில் இந்த மருந்துக் குடும்பத்தை முதல் முன்னுரிமையில் வைத்திருக்கிறது. ஆனால் மனிதர்களுக்கு இது திரும்பவும் தேவைப்பட்ட நேரத்தில், பண்ணைகளில் பாக்டீரியாக்கள் இதோடு பல வருஷம் பழகிவிட்டிருந்தன.

2015-ல் சீனாவில் என்ன கண்டுபிடித்தார்கள்?

ஷாங்காய் பகுதியில் ஒரு பன்றிப் பண்ணை. அங்கே எடுத்த இ.கோலை பாக்டீரியா கோலிஸ்டினுக்குக் கட்டுப்படவில்லை. அதுவரை இப்படிப்பட்ட எதிர்ப்பு, பாக்டீரியாவின் சொந்த மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால்தான் வரும் என்று நினைத்திருந்தார்கள். அப்படி வந்தால் அது அந்தப் பாக்டீரியாவின் வாரிசுகளுக்கு மட்டும்தான் போகும். பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்குத் தாவாது.

ஆனால் இந்த முறை கண்டது வேறு. எம்.சி.ஆர்-1 என்று பெயரிடப்பட்ட புதிய மரபணு, பிளாஸ்மிட் எனப்படும் குட்டி வளையத்தில் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்மிட்டை ஒரு பென் டிரைவ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்டீரியா அதை நகல் எடுத்து இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது வேறு இனமாக இருந்தாலும் சரி.

அந்த மரபணு செய்யும் வேலை எளிமையானது. கோலிஸ்டின், பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள எதிர்மின் தன்மையைப் பிடித்துக்கொண்டுதான் சுவரை உடைக்கும். எம்.சி.ஆர்-1 உருவாக்கும் நொதி, அந்தச் சுவரில் ஒரு சின்ன ரசாயன ஒட்டைச் சேர்த்து எதிர்மின் தன்மையைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்குப் பிடிமானம் இல்லை. வழுக்கிவிடுகிறது.

சீன ஆய்வாளர்கள் 2011 முதல் 2014 வரை சேகரித்த மாதிரிகளைச் சோதித்தார்கள். முடிவுகள் 2015 நவம்பரில் வெளியாகின:

• பன்றிகளிடமிருந்து எடுத்த 804 மாதிரிகளில் 166-ல் இந்த மரபணு இருந்தது. அதாவது 21 சதவீதம்.
• 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-ல் இருந்தது. 15 சதவீதம்.
• மருத்துவமனை நோயாளிகளின் 1,322 மாதிரிகளில் 16-ல் இருந்தது. சுமார் 1 சதவீதம்.

விலங்கில் அதிகம், இறைச்சியில் கொஞ்சம் குறைவு, மனிதர்களில் மிகக் குறைவு. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்த வரிசையே கோடிட்டுக் காட்டியது. செய்தி வந்த சில மாதங்களிலேயே பல கண்டங்களில் இதே மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தபோது, 1980-களில் சீனக் கோழிகளிலிருந்து எடுத்துச் சேமித்த பாக்டீரியாவிலும் அது இருந்தது தெரியவந்தது. யாரும் தேடாததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பண்ணையிலிருந்து மனிதர்களுக்கு எப்படி வருகிறது?

பல வழிகள் உண்டு.

பண்ணை வேலையாட்கள்: தினமும் கோழிகளோடும் எச்சத்தோடும் புழங்குபவர்களுக்குத்தான் முதலில் ஒட்டும்.

பச்சை இறைச்சி: அறுக்கும்போது குடலில் உள்ள பாக்டீரியா கறியில் படும். அது கடைக்காரர் கை, கத்தி, நம் வீட்டு அரிவாள்மனை என்று பயணிக்கும்.

கோழி எரு: நன்றாக மக்காத எருவை வயலில் போட்டால், அதில் உள்ள பாக்டீரியா மண்ணுக்கும் காய்கறிக்கும் போகலாம்.

தண்ணீர்: பண்ணைக் கழிவு கலக்கும் வாய்க்காலும் குளமும்.

நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு இந்தப் பாக்டீரியா குடலுக்குள் போனாலும் பெரும்பாலும் உடனே எதுவும் ஆகாது. சத்தமில்லாமல் தங்கிவிடும். பிறகு எப்போதாவது அறுவை சிகிச்சை, கீமோதெரபி, சிறுநீர்த் தொற்று, குறைமாதக் குழந்தை என்று உடம்பு பலவீனமாக இருக்கும் நேரத்தில் பிரச்சினை ஆரம்பிக்கும். அல்லது அந்த "பென் டிரைவ்" ஏற்கெனவே ஆபத்தான இன்னொரு கிருமியின் கைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் "நேத்து சிக்கன் சாப்பிட்டேன், இன்னைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இதை அளக்க முடியாது.

இந்தியா என்ன செய்தது?

இந்தியாவில் இதுபற்றிய குரல் முன்பே எழுந்தது. அதற்குச் சென்னைக்கும் பங்குண்டு. 2012-ல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் இங்கே கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. "சென்னை பிரகடனம்" என்று அது அறியப்படுகிறது.

2018 ஜனவரியில், லண்டனைச் சேர்ந்த பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம், தி இந்து நாளிதழுடன் சேர்ந்து ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. இந்தியக் கோழிப் பண்ணைகளுக்காகக் கோலிஸ்டின் இறக்குமதியாவதையும், எடை கூட்டும் மருந்தாக அது வெளிப்படையாக விற்கப்படுவதையும் அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவிப்பு வெளியிட்டது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழிகள், மீன் மற்றும் இறால் பண்ணைகள், கால்நடைத் தீவனச் சேர்க்கைகள் ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டினைத் தயாரிப்பதும், விற்பதும், விநியோகிப்பதும் 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ் தடை செய்யப்பட்டன. 

தடை செய்ததால் பலன் உண்டா?

இதற்குத் தெளிவான பதிலும் சீனாவிலிருந்தே வந்தது. தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை 2017-ல் சீனா நிறுத்தியது. நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுக்கத் தடை இல்லை. அதன் பிறகு நடந்த ஆய்வில் கிடைத்த எண்கள் இவை:

• சீனாவில் கோலிஸ்டின் உற்பத்தி 2015-ல் 27,170 டன். 2018-ல் 2,497 டன்.
• பன்றிகளில் கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத இ.கோலை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகக் குறைந்தது.
• கோழிகளில் 18.1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.
• மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களில் எம்.சி.ஆர்-1 மரபணுவைச் சுமந்தவர்கள் 2016-ல் 14.3 சதவீதம். 2019-ல் 6.3 சதவீதம்.

இரண்டு மூன்று வருஷத்தில் இவ்வளவு மாற்றம். மாற்றம் பண்ணையோடு நிற்கவில்லை, மருத்துவமனை வரை தெரிந்தது. மருந்தின் அழுத்தம் இல்லாதபோது எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு வீண் சுமை. கொஞ்சம் கொஞ்சமாக அதை இழந்துவிடுகிறது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்துவார்கள். 2005-ல் அதைத் தாமாகவே நிறுத்தினார்கள். கோழி இறைச்சியிலும் மனிதர்களிலும் அந்த மருந்துக்குக் கட்டுப்படாத சால்மோனெல்லா குறைந்தது. 2007-ல் ஓரளவு திரும்ப ஆரம்பித்தார்கள். எதிர்ப்பும் திரும்ப ஏறியது.

ஆனால் ஒரு மருந்தை நிறுத்தினால் மட்டும் எப்போதும் போதாது. டென்மார்க் 1995-ல் அவோபார்சின் என்ற தீவன ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது. கோழிகளில் எதிர்ப்பு குறைந்தது. பன்றிகளில் மட்டும் குறையவே இல்லை. காரணம், அதே பிளாஸ்மிட்டில் டைலோசின் என்ற வேறொரு மருந்துக்கான எதிர்ப்பு மரபணுவும் சேர்ந்து இருந்தது. டைலோசினைத் தொடர்ந்து கொடுத்ததால், இரண்டும் ஒன்றாகவே பிழைத்து வந்தன. 1998-ல் டைலோசின் பயன்பாடும் குறைந்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. கோலிஸ்டினை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஆன்டிபயாடிக்கை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இது எச்சரிக்கை.

அப்போ தப்பு பண்ணையாளர்கள் மேலதானா?

அப்படிச் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் நியாயம் இல்லை.

பிராய்லர் பண்ணைகளில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் நடக்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்தால் எடைக்கேற்ற கூலி. தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. சொந்தமாக வளர்ப்பவருக்கு வேறு கஷ்டம். ராத்திரி பத்து கோழி செத்துக் கிடந்தால், காலையில் கால்நடை மருத்துவர் வரும் வரை காத்திருக்கத் தைரியம் வராது. மருந்துக் கடைக்காரர் கொடுப்பதை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவார்.

பழி கோழி மேல் மட்டும் போடவும் முடியாது. இந்திய மருத்துவமனைகளில் கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா கிருமிகளில், பண்ணைத் தொடர்புள்ள எம்.சி.ஆர் மரபணுவைவிட, கிருமியின் சொந்த மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே அதிகம் காணப்படுகிறது. மருத்துவமனைகளில் அந்த மருந்தை அதிகமாகப் பயன்படுத்தியதும், சளி காய்ச்சலுக்கெல்லாம் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டதும் இந்தக் கணக்கில் சேரும். பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

முட்டை, சிக்கன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நன்றாக வேகவைத்த முட்டையிலும் கறியிலும் பாக்டீரியா பிழைக்காது, அது மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவாக இருந்தாலும். மருந்தை எதிர்க்கும் சக்தி வேறு, கொதிக்கும் குழம்பை எதிர்க்கும் சக்தி வேறு.

கவனிக்க வேண்டியவை இவை:

• பச்சைக் கறியைக் குழாயடியில் வேகமான தண்ணீரில் கழுவாதீர்கள். தெறிக்கும் துளிகளோடு பாக்டீரியாவும் சமையல் மேடை முழுக்கப் பரவும். கழுவியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் வைத்து மெதுவாகக் கழுவி, சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.
• கறி நறுக்கிய கத்தி, பலகையில் அப்படியே வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம்.
• கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.
• ஆஃப் பாயில், பச்சை முட்டை: சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது.
• நாட்டுக்கோழி என்றாலே மருந்து இல்லாதது என்று அர்த்தம் இல்லை. எப்படி வளர்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

பண்ணை வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஆன்டிபயாடிக் இல்லாமல் பண்ணை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு ஐரோப்பா முன்பே பதில் சொல்லிவிட்டது. சுவீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்தியது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்தியது. அங்கே கோழிப்பண்ணைத் தொழில் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தடுப்பூசி அட்டவணையைத் தவறவிடாமல் இருப்பது, கொட்டகையில் நெரிசலைக் குறைப்பது, காற்றோட்டம், ஒரு தொகுதி கோழி போனதும் கொட்டகையைச் சுத்தம் செய்து சில நாள் காலியாக விடுவது, வாசலில் கிருமிநாசினித் தொட்டி, சுத்தமான குடிநீர். இவைதான் நோயை வாசலிலேயே நிறுத்தும்.

நோய் வந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்து முடித்த பிறகு, பாட்டிலில் குறிப்பிட்டிருக்கும் நாட்கள் வரை அந்த முட்டையையோ கறியையோ பாலையோ விற்கக் கூடாது. உடம்பிலிருந்து மருந்து வெளியேறுவதற்கான இடைவெளி அது. முட்டைத் தொழிலின் மையமான நாமக்கல்லில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. கோழிகள் தொடர்ந்து இறந்தால், மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்பு இதுபோன்ற இடத்தில் என்ன நோய் என்று சோதித்துப் பார்ப்பது செலவையும் குறைக்கும்.

கடைசியாக ஒன்று. கோலிஸ்டின் ஒருமுறை கைவிடப்பட்டு, வேறு வழி இல்லாமல் திரும்ப அழைக்கப்பட்ட மருந்து. அதுவும் கைவிட்டுப் போனால், அந்தப் பழைய அலமாரியில் திரும்பத் தேடி எடுக்க அதிகம் மிச்சமில்லை. சீனப் பண்ணைகளின் எண்கள் சொல்வது ஒரே ஒரு நல்ல செய்தி: தீவனத்தில் கலப்பதை நிறுத்தினால், இழந்துகொண்டிருக்கும் மருந்தைக் கொஞ்சமாவது மீட்க முடியும்.